அலிசியா அலோன்சோ: பார்வை மங்கிய கண்களோடு பாலேயின் உச்சிக்குப் போனவர்

"கியூபாவின் அலிசியா அலோன்சோ கண் சரியாகத் தெரியாமலேயே பிரின்சிபல் டான்ஸராக ஆடினாராமே, உண்மையா? பிரின்சிபல் என்றால் என்ன? கண் தெரியாமல் அப்படி ஆட முடியுமா?" என்பது கேள்வி.

உண்மைதான். ஆனால் 'கண் தெரியாமல் ஆடிய அதிசயப் பெண்' என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அதிசயம் என்று சொன்னதும் அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு மறைந்துவிடுகிறது. எப்படி ஆடினார் என்பதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் அவர்மீது மரியாதை கூடத்தான் செய்யும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பிரின்சிபல். பெரிய பாலே குழுக்களில் படிப்படியான தகுதிநிலை உண்டு. அடித்தளத்தில் இருப்பது 'கோர் த பாலே'. அன்னங்களாகவோ ஆவிகளாகவோ இருபது முப்பது பேர் வரிசையாக நின்று, ஒரே மூச்சில் அசைகிறார்களே, அந்தக் கூட்டம். அதற்கு மேலே சோலோயிஸ்ட். உச்சியில் பிரின்சிபல். பாரிஸ் ஓபராவில் இந்த இடத்துக்கு 'எத்வால்', அதாவது நட்சத்திரம் என்று பெயர். முழுநீள பாலேயின் நாயகன், நாயகி வேடங்கள் இவர்களுக்குத்தான். பத்து வயதை ஒட்டிப் பயிற்சி தொடங்கி, பதினெட்டு வாக்கில் ஒரு குழுவில் இடம் பிடித்து, நாற்பதை ஒட்டி ஓய்வு பெறுவது வழக்கமான பாதை. பாரிஸ் ஓபராவில் 42 வயதில் ஓய்வு என்பது விதியாகவே இருக்கிறது. சேர்ந்தவர்களில் பலர் கோரிலேயே தொடங்கி, கோரிலேயே முடிப்பவர்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அலிசியாவின் கதைக்கு வாருங்கள்.

1920 டிசம்பர் 21 அன்று ஹவானாவில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. அந்தக் காலத்து ஹவானாவில் பாலே குழு எதுவும் கிடையாது. 'ப்ரோ ஆர்த்தே மியூசிக்கல்' என்ற இசைச் சங்கம் 1931இல் பாலே வகுப்பு தொடங்கியது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து நடக்கப் பழகட்டும் என்கிற அளவில்தான் அது பார்க்கப்பட்டது. நிகோலாய் யாவோர்ஸ்கி என்ற ரஷ்யர் சொல்லிக்கொடுத்தார். அலிசியாவின் தொடக்கம் அங்கேதான். அதே வகுப்பில் பெர்னாண்டோ அலோன்சோ, அவருடைய தம்பி ஆல்பர்த்தோ என்று இரண்டு பையன்களும் பிற்பாடு சேர்ந்தார்கள். இந்த மூன்று பேரையும் சேர்த்துப் பார்க்காமல் கியூப பாலேயைப் பற்றிப் பேசவே முடியாது.

1937இல், பதினாறு வயதில், பெர்னாண்டோவைக் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் போனார். 1938இல் மகள் லாரா பிறந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டே வகுப்புகளுக்குப் போனார். பிழைப்புக்கு 1938, 1939இல் பிராட்வே இசை நாடகங்களில் கூட்டத்தோடு ஆடினார். 1940இல் முதன்முதலாக மேடையேறிய பாலே தியேட்டர் என்ற குழுவில் இடம் கிடைத்தது. இன்று அமெரிக்கன் பாலே தியேட்டர் என்று உலகம் அறிந்த குழு அதுதான்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, 1941இல், பார்வையில் கோளாறு தெரிய ஆரம்பித்தது. விழித்திரை விலகியிருந்தது. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய மெல்லிய படலம் உரிந்து வந்துவிடுகிற நிலை அது. அப்போது இருந்த வைத்தியம் அறுவை சிகிச்சை, அதன் பிறகு படலம் மறுபடி ஒட்டும்வரை அசையாமல் படுத்திருத்தல். ஒரு முறை செய்தார்கள், சரியாகவில்லை. இரண்டாவது முறையும் முழுப் பலன் இல்லை. மூன்றாவது அறுவை ஹவானாவில் நடந்தது. ஓரப் பார்வை, அதாவது நேரே பார்க்கும்போது பக்கவாட்டில் தெரிவது, இனித் திரும்பாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு கண்ணையும் கட்டி, ஒரு வருடம் படுக்கை. தலையை அசைக்கக்கூடாது. அழுத்தி மெல்லக்கூடாது. சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. மகளோடு விளையாடக்கூடாது. இருபது வயதுப் பெண்ணுக்கு, அதுவும் ஒரு நாள் பயிற்சி விட்டாலே உடம்பு தெரிந்துகொள்கிற தொழிலில் இருப்பவருக்கு, இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கும்.

அந்தப் படுக்கையில்தான் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான காரியம் நடந்தது. பெர்னாண்டோ தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களால் நடன அசைவுகளைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு விரல்கள்தான் இரண்டு கால்கள். எந்தக் கால் முன்னால், எந்தத் திசையில், எத்தனை எண்ணிக்கைக்குள், அடுத்து என்ன என்று பெரிய வேடங்களை எல்லாம் விரலிலேயே ஆடிப் பார்த்தார்கள். கண்ணைக் கட்டிய இருட்டுக்குள் அலிசியா மனதால் மேடை முழுக்க ஆடினார். அப்படி மனப்பாடமான பாலேக்களில் ஒன்று 'ஜிசெல்'.

ஜிசெல் என்ன என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் கனம் புரியும். 1841இல் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறிய பாலே அது. ஒரு கிராமத்துப் பெண், குடியானவன் வேடத்தில் வரும் பிரபு ஒருவனை நேசிக்கிறாள். அவனுக்கு வேறொருத்தியோடு நிச்சயமாகியிருப்பது தெரிந்ததும் புத்தி பேதலித்துச் சாகிறாள். இரண்டாம் பாகத்தில் அவள் ஆவி. கல்யாணத்துக்கு முன்பே ஏமாற்றப்பட்டு இறந்த பெண்களின் ஆவிக்கூட்டம், அகப்படும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைக்கிறது. அவனுக்கும் அந்தக் கதி வரும்போது, ஜிசெல் விடியும்வரை அவனைக் காப்பாற்றுகிறாள். முதல் பாகத்தில் மண்ணில் கால் பதித்த ஒரு பெண்ணாகவும், இரண்டாம் பாகத்தில் எடையே இல்லாத ஒன்றாகவும் ஒரே ஆள் ஒரே மாலையில் மாற வேண்டும். பாலேயில் நாயகியை அளக்கும் அளவுகோல் என்று இதைச் சொல்வார்கள்.

1943இல் அலிசியா நியூயார்க் திரும்பினார். பழைய பலம் வருவதற்கு முன்பே, அந்த வருடம் நவம்பர் 2 அன்று, மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் ஜிசெல் ஆட வேண்டிய அலிசியா மார்க்கோவாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மார்க்கோவா அன்றைக்கு உலகிலேயே பெயர் பெற்ற ஜிசெல். அவர் இடத்தில் யார் ஆடுவது? அலோன்சோ ஒத்துக்கொண்டார். ஆன்டன் டோலின் ஜோடியாக ஆடினார். அந்த ஒரு மாலை அவரை நட்சத்திரமாக்கியது. 1946இல் முறைப்படி பிரின்சிபல் ஆனார். 1947இல் ஜார்ஜ் பாலன்சின் இவரையும் இகோர் யூஸ்கெவிச்சையும் மனதில் வைத்து, சைகோவ்ஸ்கியின் இசைக்கு 'தீம் அண்ட் வேரியேஷன்ஸ்' அமைத்தார். இன்றைக்கும் பிரின்சிபல்களே பயபக்தியோடு அணுகுகிற கடினமான பாலே அது. 1948இல் ஆக்னஸ் டி மில் அமைத்த 'ஃபால் ரிவர் லெஜண்ட்' என்ற பாலே அரங்கேறும் நாளிலும், ஆட வேண்டிய நோரா கேக்கு உடல்நலம் இல்லாததால் அந்த வேடம் அலோன்சோவிடம் வந்தது. இரண்டு முறை அடுத்தவருக்குப் பதிலாக இறங்கி, இரண்டு முறையும் பெயர் வாங்கினார். இதை அதிர்ஷ்டம் என்பார்கள். அடுத்தவர் வேடத்தையும் சேர்த்துத் தயாராக வைத்திருந்தார் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இப்போதே எழுந்து ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். நிற்க முடியும். அப்படியே கண்ணை மூடுங்கள். சில நொடிகளில் கணுக்கால் தள்ளாட ஆரம்பிக்கும். நம் உடம்பு சமநிலைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வாங்குகிறது: கண், உள்காது, தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு. சாதாரண ஆட்கள் கண்ணை ரொம்ப நம்பியிருக்கிறோம். அலோன்சோ மற்ற இரண்டையும், குறிப்பாகத் தசை உணர்வை, பழக்கத்தால் கூர்மையாக்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பாதத்தின் எந்த விளிம்பில் எடை விழுகிறது, இடுப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே அறிகிற பயிற்சி அது. முனைக்காலில் நிற்கும் பாயின்ட் ஷூவின் நுனி, துணியையும் பசையையும் அடுக்கி இறுக்கிச் செய்த சின்னப் பெட்டி. உள்ளங்கையில் அடங்குகிற அந்த இடத்தில்தான் முழு உடம்பும் நிற்கிறது. வியர்வை பட்டுப் பசை இளகினால், ஒரு ஜோடி ஷூ ஒரே நிகழ்ச்சியில் போய்விடுவதும் உண்டு. அந்த நுனியில் அலோன்சோ நீண்ட நேரம் அசையாமல் நிற்பது அவருடைய அடையாளமாகவே இருந்தது.

சுழல்வது இன்னும் சிக்கல். பாலேயில் சுழலும்போது தலை சுற்றாமல் இருக்க, எதிரே ஒரு புள்ளியில் பார்வையைப் பதிப்பார்கள். உடம்பு திரும்பும், தலை அந்தப் புள்ளியிலேயே தங்கியிருக்கும், கடைசி நொடியில் தலை சட்டென்று திரும்பி மறுபடி அதே புள்ளியைப் பிடிக்கும். ஸ்பாட்டிங் என்பார்கள். கண் மங்கியவருக்கு அந்தப் புள்ளி எங்கே? அவருக்காக மேடையில் பளிச்சென்ற விளக்குகளைக் குறிப்பிட்ட இடங்களில் வைத்தார்கள். அந்த வெளிச்சம்தான் அவருக்குத் திசை, எல்லை, புள்ளி எல்லாம். கூடவே ஜோடியாக ஆடுகிறவர், ஒத்திகையில் எங்கே நின்றாரோ அதே இடத்தில், அதே நொடியில் நிற்க வேண்டும். அலோன்சோ கையை நீட்டும்போது அங்கே கை இருக்க வேண்டும். 'கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டேன்' என்பதற்கு இடமே இல்லை. அதனால் அவரோடு ஆடிய ஆண்கள் எல்லோரும் அசாத்திய ஒழுங்குள்ளவர்களாக ஆனார்கள். அலோன்சோவைப் புகழ்பவர்கள் அந்தக் கைகளையும் சேர்த்துப் புகழ வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1940களில் அவருக்குப் பார்வை அறவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஓரப் பார்வை போய், மிச்சமும் பழுதாகியிருந்தது. வயது ஏற ஏற அதுவும் குறைந்துகொண்டே வந்தது. பிற்காலத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாத நிலை. 'பார்வையற்ற நடனக் கலைஞர்' என்று எழுதுகிறவர்கள் இந்த ஐம்பது வருடச் சரிவை ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள்.

இனி, அவர் வாழ்க்கையில் நான் கண்ணைவிடப் பெரிதாக நினைப்பது. நியூயார்க்கில் உச்சியில் இருந்தபோதே 1948 அக்டோபரில் ஹவானாவில் 'பாலே அலிசியா அலோன்சோ' என்று சொந்தக் குழுவைத் தொடங்கினார். பெர்னாண்டோ நிர்வாகமும் பயிற்சியும், ஆல்பர்த்தோ நடன அமைப்பு, அலிசியா நாயகி. பணமுடையால் பாலே தியேட்டர் அப்போது தற்காலிகமாக நின்றிருந்தது. அங்கிருந்த பலர் ஹவானா குழுவில் வந்து ஆடினார்கள். 1950இல் பள்ளி தொடங்கினார்கள். வெளியூரில் ஆடிச் சம்பாதித்ததை அலிசியா இங்கே கொண்டுவந்து போட்டார். 1956இல், அப்போது கியூபாவை ஆண்ட சர்வாதிகாரி பாட்டிஸ்டாவின் அரசோடு மோதல் வந்தது. உதவித்தொகை வேண்டுமானால் அரசின் பிரசாரத்துக்கு முகமாக இருக்க வேண்டும் என்ற நிலை. ஒத்துக்கொள்ளவில்லை. குழு முடங்கியது. கியூபாவில் இனி ஆடுவதில்லை என்று வெளியேறினார். அந்த இடைவெளியில்தான் சோவியத் நாட்டுக்கு அழைக்கப்பட்டு, 1957-58இல் மாஸ்கோவின் போல்ஷோய், லெனின்கிராடின் கிரோவ் அரங்குகளில் ஆடினார்.

1959இல் புரட்சி வென்றது. பிடல் காஸ்ட்ரோ அரசு 2 லட்சம் டாலர் கொடுத்து, குழு 'கியூபத் தேசிய பாலே' ஆனது. அதன்பின் நடந்ததுதான் எனக்கு மலைப்பு. பாலே கட்டணம் இல்லாத படிப்பானது. நாடு முழுக்கப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். ஆண் பிள்ளைகளை பாலேக்கு அனுப்ப வீடுகள் தயங்கியபோது, அநாதை இல்லங்களில் தேடினார்கள். அப்படி வந்த ஒரு பையன் ஹோர்கே எஸ்கிவெல். வளர்ந்து, அலிசியாவின் ஜோடியாகவே பல வருடங்கள் மேடையில் நின்றார். மேலே சொன்னேனே, நீட்டும் இடத்தில் இருக்க வேண்டிய கை என்று. அந்தக் கை ஒரு அநாதை இல்லத்திலிருந்து வந்தது.

பள்ளியின் பாணி ரஷ்யம், இத்தாலியம், ஆங்கிலேயம் என்று பலதையும் எடுத்து, கியூப உடம்புக்கும் தாளத்துக்கும் ஏற்ப வடிவமைத்தது. வேகமான சுழற்சி, நீண்ட சமநிலை, ஆணும் பெண்ணும் ஒருவரோடொருவர் பேசுவதுபோல் ஆடுவது. இதைப் பாடமாக வகுத்ததில் பெர்னாண்டோவின் பங்கு மிகப் பெரியது. அலிசியாவின் பெயர் அவரை மூடிவிட்டது நியாயமில்லை. 1960களில் பல்கேரியாவின் வர்னா நகரத்தில் நடந்த சர்வதேச பாலே போட்டியில் கியூபப் பெண்கள் பதக்கம் பதக்கமாக வென்றார்கள். மிர்த்தா பிளா, லொய்பா அராவுஹோ, அவ்ரோரா போஷ், ஹோசபினா மென்டெஸ் ஆகிய நால்வரை 'நான்கு ரத்தினங்கள்' என்றே அழைத்தார்கள். அப்புறம் ஹவானாவின் ஒரு லாரி டிரைவர் மகனான கார்லோஸ் அகோஸ்டா இதே பள்ளி வழியாக வந்து, லண்டன் ராயல் பாலேயின் பிரின்சிபல் ஆனார். பாலே குழுவே இல்லாதிருந்த ஒரு தீவு, இரண்டு தலைமுறைக்குள் உலகக் குழுக்களுக்குப் பிரின்சிபல்களை அனுப்பியது.

புகழ் மட்டும் பாடினால் அது பதில் ஆகாது. 1970களின் நடுவில் பெர்னாண்டோவோடு பிரிவு வந்தது. அவர் கமகுவே நகரத்துக் குழுவுக்குப் போய்விட்டார். அலிசியா பெத்ரோ சிமோனை மணந்தார். தேசிய பாலே அதன்பின் முழுக்க அவர் பிடியில். அவர் கடைசிவரை தலைமைப் பொறுப்பை விடவில்லை. புதிய நடன அமைப்புகள் போதுமான அளவு உள்ளே வரவில்லை. நல்ல வேடங்களும் இளையவர்களுக்குத் தாமதமாகவே கிடைத்தன. வெளிநாட்டுப் பயணங்களில் கலைஞர்கள் திரும்பாமல் தங்கிவிடுவது பல முறை நடந்தது. சம்பளம், அரசியல் எல்லாம் காரணம். குழுவின் தேக்கமும் ஒரு காரணம். ஐம்பது, அறுபது வயதுகளிலும் அவரே ஜிசெலாக வந்ததைப் பார்த்து உருகியவர்களும் உண்டு, வருந்தியவர்களும் உண்டு. உச்சத்தில் நிறுத்தியிருக்கலாம் என்ற கருத்தை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. அதே சமயம், இருபது வயதில் 'உன் ஆட்டம் முடிந்தது' என்று கேட்டுவிட்ட ஒருவரிடம் நாற்பதிலோ ஐம்பதிலோ இன்னொருவர் போய் அதையே சொன்னால், காதில் ஏறுமா?

அமெரிக்கா கியூபா உறவு முறிந்ததால் 1960க்குப் பிறகு பல வருடங்கள் அவர் அமெரிக்க மேடைக்கு வரவே முடியவில்லை. 1975இல் அமெரிக்கன் பாலே தியேட்டர் விழாவில், எஸ்கிவெலோடு 'அன்னப் பொய்கை' (ஸ்வான் லேக்) பாலேயின் ஜோடி நடனம் ஆடத் திரும்பி வந்தார். அப்போது 54 வயது. எழுபதைத் தாண்டியும், 1990களின் நடுப்பகுதி வரை மேடையேறினார். அதன்பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒத்திகை நடத்தினார். 2015இல் ஹவானாவின் பெரிய அரங்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2019 அக்டோபர் 17 அன்று 98 வயதில் காலமானார். அந்த வருடத் தொடக்கத்தில் துணைக் கலை இயக்குநராக்கப்பட்ட வியெங்சாய் வால்தெஸ், அவருக்குப் பின் குழுவின் தலைமைக்கு வந்தார்.

ஆடியதைப் பார்க்க வேண்டும் என்றால், 1963இல் கியூபாவில் படமாக்கப்பட்ட 'ஜிசெல்' இருக்கிறது. அப்போது அவருக்கு 42 வயது, பாரிஸில் ஓய்வு கொடுத்து அனுப்பும் வயது. ஜோடி அசாரி பிளிசெட்ஸ்கி. முதல் தடவை கதையோடு போங்கள். பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி 'என்னை நேசிக்கிறானா' என்று எண்ணும் இடத்தில், கால்கள் நின்று கைவிரல்கள் மட்டும் நடிக்கும். இரண்டாவது தடவை இரண்டாம் பாகத்தை மட்டும் போடுங்கள். கல்லறையிலிருந்து எழுந்தவுடன் வரும் சுழற்சியில் அவர் முகத்தைக் கவனியுங்கள். மூன்றாவது தடவை அவரைப் பார்க்காமல், பிளிசெட்ஸ்கி எங்கே, எப்போது வந்து நிற்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.